வேம்பில்லாத ஊரில் ஒரு கசப்பு

நேற்றுப் பின்னேரம் வதனி ஒரு பூச்சாடியோடு குசினிக் கதவால் உள்ளே வந்தாள். கிரான்பர்னில் அவளுடைய வீட்டுப் பின்வளவில் ஆறு கோழிகள் நிற்கின்றன. அவற்றின் இறகுக்குள் செள்ளுப் பூச்சி பிடித்துவிட்டதாம். இந்தச் செடியைக் கூட்டுக்குப் பக்கத்தில் நட்டால் செள் அண்டாது என்று செடி விற்கிறவன் சொன்னானாம். "மணந்து பாருங்கோ அம்மா, என்ன ஸ்ட்ரோங்" என்று ஒரு இலையைக் கசக்கி என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். சாம்பல் நிற இலை. மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அது எந்தச் செடி என்று தெரிந்துவிட்டது. "நல்லது பிள்ளை, கொண்டுபோய் நடு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து இன்றோடு ஒன்பது நாள். அன்றைக்குக் கொடுத்த நினைவு மலரில் பதினான்கு பேர் உம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி. அன்பானவர், பண்பானவர், வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பாதவர். என்னிடமும் கேட்டார்கள். "ஐம்பது வருசச் சிநேகிதம், நீங்கள் எழுதாமல் வேற ஆர் எழுதுறது?" என்று உம்முடைய மகன் சேகர் சிட்னியிலிருந்து இரண்டு முறை போன் எடுத்தான். கை நடுங்குது தம்பி என்று பொய் சொன்னேன். கை நடுங்கவில்லை. உம்மைப் பற்றி உண்மையாக எழுத வெளிக்கிட்டால் பொறாமையைத்தான் எழுதவேண்டி வரும். அதை ஊருக்கு எழுதுவதைவிட உமக்கே எழுதிவிடலாம் என்று இப்போது இருக்கிறேன்.

எழுபத்தைந்தாம் ஆண்டு நீர் மெல்பேர்னுக்கு வந்து இறங்கியபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உமக்குத் தெரியும். பிரன்ஸ்விக்கில் அந்தச் செங்கல் பிளாட்டில் நானும் இவரும் ஒரு வருசமாகத் தமிழ்க் குரல் கேட்காமல் இருந்தோம். அடுத்த கதவில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, அதுவும் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு. முதல் நாளே என் குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "உதென்ன, தேத்தண்ணியோ கழுநீரோ?" என்று என் கோப்பையைப் பார்த்துக் கேட்டீர். பிறகு நீரே எழும்பி வேறு தேத்தண்ணி போட்டீர். குடித்துப் பார்த்தேன். சனியன், நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நான் சொல்லுகிறேன், கேளும். உம்முடைய தலைமயிரில் எனக்குப் பொறாமை. உம்முடைய மீன்குழம்பில் பொறாமை. உமக்கு ஆங்கிலம் நான்கு சொல்தான் தெரியும். அந்த நான்கு சொல்லை வைத்துக்கொண்டு இறைச்சிக் கடைக்காரனோடும் தபால்காரனோடும் சிரித்துக் கதைத்தீர். பி.எஸ்ஸி. படித்த எனக்கு ட்ராமில் டிக்கெட் கேட்கவே வாய் வராது. இதெல்லாம் சின்னப் பொறாமைகள். இவை இருந்தும் உம்மோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியது வதனியோடு வந்தது.

வதனி பிறந்தது அடுத்த வருசம் மாசி மாதம். இவருடைய இன்ஜினியர் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பப் படித்துச் சோதனை எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிற என் வேலைதான் வீட்டுக்கு இருந்த ஒரே பிடி. மூன்று மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பிள்ளையை ஆரிடம் விடுவது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது நீர்தான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தீர். சேகர் உம்முடைய இடுப்பில் இருந்தான். "விசர்க் கதை கதைக்காதையும். ஒண்டை வளக்கிறவளுக்கு ரெண்டை வளக்க ஏலாதே? காலமை கொண்டந்து விடும்" என்றீர்.

அப்படித்தான் போனது. காலை ஏழு மணிக்கு வதனியையும் மூன்று போத்தல் பாலையும் உம்முடைய குசினி மேசையில் வைப்பேன். ஐந்தரைக்கு வந்து எடுப்பேன். வேலைக்குப் போன ஒரு மாதத்திலேயே எனக்குப் பால் வற்றிவிட்டது. பரவாயில்லை, பிள்ளை போத்தலில் நன்றாகக் குடிக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பின்னேரம் போத்தல்கள் மூன்றும் வெறுமையாய், கழுவித் துடைத்து, கவிழ்த்து வைத்திருக்கும். இரவில் என்னிடம் அரைப் போத்தல்தான் குடிப்பாள், பகலில் நன்றாகக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை கொழுகொழுவென்று வந்தாள். ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்த பெண்களுக்குப் படம் காட்டி, நான் கலக்கிற பால்மாவின் அளவுதான் சரியான அளவு என்று பெருமையடித்தேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

மார்கழியில் ஒரு நாள் ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து எங்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல வெயில். உம்முடைய பின்கதவு திறந்து கிடந்தது. நீர் கதிரையில் இருந்தீர். வதனி உம்முடைய மடியில், உம்முடைய நெஞ்சில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் உம்முடைய தாலிக்கொடியைப் பிடித்திருந்தாள். சேகர் மேசைக் காலில் சாய்ந்து நின்று என் போத்தலை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

நீர் ஒளிக்கவில்லை. சீலையை இழுத்து மூடக்கூட இல்லை. "வாரும், வெய்யில் கொளுத்துது. தேத்தண்ணி கேத்திலுக்க இருக்கு" என்றீர்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"முதல் நாளே. போத்தலைத் தட்டிவிட்டிட்டாள். அழுதழுது நீலம் பாரிச்சுப் போனாள். நான் என்ன செய்ய? குடுத்தனான். இவன் கள்ளன் உம்மட போத்தலைக் குடிச்சுப் பழகிட்டான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வேலையை விட்டிட்டு வந்திருப்பீர். பிறகு ஆர் உழைக்கிறது?"

சரியான காரணம். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பிழை சொல்ல இடம் வைத்திருந்தீர் என்றால் நான் அன்றைக்கே கத்தித் தீர்த்திருப்பேன். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். நல்லது என்றேன். பெரிய உதவி என்றேன். வதனியைத் தூக்கியபோது அவள் என் தோளில் இருந்தபடி உம்மைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுடைய வாயைக் கழுவினேன். ஓம், கழுவினேன். பத்து மாதப் பிள்ளையின் வாயைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு தரம் கழுவினேன். இதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்றிரவு இவரிடம்கூட வாய் திறக்கவில்லை. என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் உம்முடைய மாமி ஊரிலிருந்து கடிதம் போட்டிருந்தா. சேகருக்கு ஒன்றரை வயதாகப் போகிறது, பால் மறக்கப் பண்ணு, வேப்பிலை அரைத்துப் பூசு என்று. நீர் அதை எனக்கு வாசித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தீர். "இந்த ஊரில வேம்புக்கு நான் எங்க போறது? ட்ராமுக்க முளைச்சிருக்கோ?" என்றீர். சரி, வேம்பு இல்லை. வேறு கசப்பு இருக்கும்தானே. மறக்கப் பண்ணுவது சேகரை என்று உமக்குச் சொல்லலாம். மறப்பது என் பிள்ளையாக இருக்கும்.

வேலிக்கு அடுத்த பக்கம் இருந்த கிரேக்கத் தம்பதியரை உமக்கு நினைவிருக்கும். எலேனி, ஸ்தாவ்ரோஸ். மனிசன் தங்கள் தீவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இங்கே கார்த் தொழிற்சாலையில் காருக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். அவர்களுடைய வேலியோரத்தில்தான் அந்தச் சாம்பல் நிறப் பற்றை நின்றது. சனிக்கிழமை காலை நான் போய் எலேனியிடம் கையாலும் முகத்தாலும் கேட்டேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், பிள்ளை மாதிரிக் கையைத் தாலாட்டினேன், முகத்தைச் சுளித்துக் காட்டினேன். அவவுக்கு உடனே விளங்கிவிட்டது. தன்னுடைய தாயும் இதைத்தான் பூசினவ என்று அவவும் முகத்தைச் சுளித்துக் காட்டிச் சிரித்தா. ஒரு கொத்து முறித்து, நகத்தின் நுனியைக் காட்டி, இவ்வளவு போதும் என்றா.

இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். ஸ்தாவ்ரோஸ் அதுவரை படியில் இருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர், வாத்தியார் அல்லவா, எழும்பி வந்துவிட்டார். இப்போது சொல்கிற பேர் ஒன்று, பழைய பேர் அப்சிந்தியோன் என்றார். சிகரெட் பெட்டியைக் கிழித்து உள்பக்கத்தில் அந்த எழுத்துகளை எழுதிக் காட்டினார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பாடமே நடந்தது. முதல் எழுத்துக்கு இல்லை என்று அர்த்தமாம். மிச்சத்துக்கு இன்பம் என்று சிலர் சொல்வார்களாம். ஆகவே இன்பம் இல்லாதது. வேறு சிலர் குடிக்க முடியாதது என்று சொல்வார்களாம். தன்னுடைய வாத்தியார் முதலாவதைத்தான் சொல்லித் தந்தவராம்.

"எது சரி?" என்று கேட்டேன்.

அவர் தோளைக் குலுக்கினார். இரண்டும் பிறகு வந்தவர்கள் கட்டிய கதையாக இருக்கலாம் என்றார். அது கிரேக்கச் சொல்லே இல்லையாம். கிரேக்கர் அந்த மண்ணுக்கு வரமுன்னம் அங்கே வேறு சனம் இருந்ததாம். அவர்கள் வைத்த பேராக இருக்கலாமாம். அந்தச் சனமும் இல்லை, அவர்களுடைய பாசையும் இல்லை. இப்படி ஏதோ சில செடிக்கும் ஊருக்கும் வைத்த பேர்கள்தான் மிச்சமாம். அவர் அதைச் சொல்லும்போது கிழிந்த சிகரெட் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு நாளாக இருந்தால் நானும் நின்று கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு இலைதான் முக்கியம்.

நேரே உம்முடைய வாசலுக்கு வந்தேன். சேகரைப் பால் மறக்கப் பண்ண வேம்பில்லை என்று சொன்னீரே, இந்தாரும் என்று நீட்டினேன். நீர் ஒரு இலையை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ர அம்மாளாச்சி! உதென்ன சாமான்?" என்று துப்பினீர். பேரைச் சொன்னேன். இன்பம் இல்லாதது என்று அர்த்தத்தையும் சொன்னேன். "பேரைக் கேட்டாலே பிள்ளை பால் மறந்திடும்" என்று சிரித்தீர். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர். அந்தப் பார்வையை நான் வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டு உம்முடைய குசினியில் வந்து இருந்தேன். பார்க்க வேண்டும் எனக்கு. வதனி வழமை போல உம்மிடம் தவழ்ந்து வந்தாள். வாய் வைத்தாள். முகம் முழுக்கச் சுருங்கி, தலையைப் பின்னால் எறிந்து, உம்மைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தரம் வைத்தாள். பிறகு அழுதாளே ஒரு அழுகை! நீர் அவளைத் தூக்கவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

அந்த வாத்தியாருடைய வாத்தியார் சொன்னது பிழை. இன்பம் இல்லாதது அல்ல அது. அவள் உம்மை விட்டு முகத்தைத் திருப்பினபோது எனக்கு இருந்த சந்தோசம், கலியாணத்தன்றும் இருந்ததில்லை, பிள்ளை பிறந்தன்றும் இருந்ததில்லை.

அது ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. வதனி என்னிடமும் வரவில்லை. என் போத்தலையும் தட்டிவிட்டாள். மூன்று நாள் கரண்டியால் பருக்கினோம். அடுத்த நாளே உமக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. எலேனி முட்டைக்கோவா இலையைக் குளிரப் பண்ணிக்கொண்டுவந்து உம்முடைய நெஞ்சில் வைத்துக் கட்டினா. நீர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தீர். நான் உமக்குச் சோறு கரைத்துக் கொண்டுவந்து வைத்தேன். வைத்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு ஒரு மாதத்தில் வற்றினது, இவளுக்கு நிப்பாட்ட நிப்பாட்டப் பொங்குதே என்று நினைத்தேன். காய்ச்சலில் கிடக்கிற ஒருத்தியைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

நீர் எழும்பி நடமாடத் தொடங்கினதும் நான் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை வளந்த பிறகும் இந்தக் கதை அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"ஓம்" என்றீர். எதற்கும் பத்துக் கதை சொல்கிற மனிசி அன்றைக்கு ஒரு சொல்லோடு நிறுத்தினீர்.

அந்த ஓமை நீர் காப்பாற்றினீர். வதனிக்குப் பல் விழுந்தபோதும், அவள் பெரிய பிள்ளையாகிச் சாமத்தியப்பட்டபோதும், கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் போனபோதும் உம்முடைய வாய் அசையவில்லை. உங்கள் குடும்பம் டார்னெய்ட்டுக்கு வீடு மாறிப் போன பிறகும் அவள் மாதம் ஒரு தரம் காரோட்டி வந்து உம்மைப் பார்த்தாள். எனக்கு என்ன வாங்கினாளோ அதையே உமக்கும் வாங்கினாள். அதே நிறச் சுவெட்டர், அதே சைஸ் செருப்பு. "அன்ரிக்கு மகள் இல்லைத்தானே அம்மா" என்பாள். நான் சிரிப்பேன். உள்ளே குமுறும்.

நாங்கள் இரண்டு பேரும் இருந்தால் மட்டும் நீர் அந்தச் சொல்லை எடுப்பீர். ஆறின தேத்தண்ணிக்கு அப்சிந்தியோன். மேடையை விட்டு இறங்க மனமில்லாமல் கதைக்கிற சங்கத் தலைவருக்கு அப்சிந்தியோன். என் மச்சாள் கிண்டின உப்புக் கூடின உப்புமாவுக்கும் அதுதான். நான் வயிறு நோகச் சிரிப்பேன். உமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

போன வருசம் ஐப்பசியில் நீர் கட்டிலில் விழுந்த பிறகு ஒரு நாள் வந்தேன். உம்முடைய காலை அமத்திக்கொண்டிருந்தேன். நீர் முகட்டைப் பார்த்தபடி சொன்னீர்: "சேகருக்கு ரெண்டு வயசு வரும் மட்டும் குடுக்கத்தான் நினைச்சனான். மாமி சொன்னதை ஆர் கேட்டது?"

என் கை நின்றுவிட்டது.

"பிறகேன் பூசினீர்?"

"நீர் வாசலில நிண்ட நிலை. கையில இலையும் நீருமாய். பிச்சைக்கு வந்தவள் மாதிரி நிண்டீர். உம்மட பிள்ளையை நீர் என்னட்டக் கேக்கிறீர், நான் தராமல் விடுறதே?"

"அப்ப உமக்கு எல்லாம் தெரியும்."

"அலட்டாதையும். காலை அமத்தும்."

அன்றைக்கு நான் உம்முடைய காலில் விழுந்து அழுதிருக்க வேண்டும். கதையில் என்றால் அப்படித்தான் நடக்கும். நான் என்ன செய்தேன்? அமத்தினேன். கொஞ்சம் இறுக்கியே அமத்தினேன். இதிலும் இவள் எனக்கு மேலே போய்விட்டாளே என்று எரிந்தது. கசப்பைப் பூசினதும் நீர், காய்ச்சலில் கிடந்ததும் நீர், ஐம்பது வருசம் வாய் மூடினதும் நீர். எனக்கென்று மிஞ்சினது அந்த இலையைக் கொண்டுவந்தது மட்டும்.

உம்முடைய இறுதிச் சடங்கில் வதனி என்னோடு இரண்டாவது வரிசையில் இருந்தாள். ஐயர் வாய்க்கரிசி போடுகிற உரித்துக்காரர் வரலாம் என்று சொன்னார். சேகரின் மனிசி போனா, உம்முடைய தங்கச்சி போனா. வதனி என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"அம்மா, நான் போடலாமா? இட்ஸ் ஒன்லி ஃபோர் ஃபமிலி, என்ன?"

ஓம் பிள்ளை, அது சொந்தக்காரருக்குத்தான் என்று சொன்னால் போதும். அவள் பேசாமல் இருந்திருப்பாள். வாய்வரை வந்தது. நீர் பெட்டிக்குள் கிடந்தீர். உம்முடைய ஓம் உம்மோடு போகப்போகிறது. இனி இது எனக்கு மட்டும் தெரிந்த விசயம், நான் செத்தால் ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு வசதி பாரும்.

"போடு" என்றேன். "அவ உனக்குப் பால் தந்தவ."

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "நான் வேலைக்குப் போன காலம். உனக்கு அவதான் பால் தந்தவ. போ, வரிசை முடியுது" என்று தள்ளிவிட்டேன். போனாள். அரிசியை எடுத்து உம்முடைய வாயில் போட்டாள். மூன்று தரம் போட்டாள். திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"உங்களிட்ட எத்தினை மாசம் குடிச்சனான்?"

"மூண்டு, நாலு."

"அன்ரியிட்ட?"

இரண்டு என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், இரண்டு என்றுதான். "ஏழு" என்றேன்.

"பிறகேன் நிப்பாட்டினவ?"

"அவ நிப்பாட்டேல்லை. எனக்குப் பொறாமை. நான்தான் நிப்பாட்டினனான்."

வதனி என் முகத்தைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. கட்டிப் பிடிக்கவும் இல்லை. எழும்பி முன்வரிசைக்குப் போய்ச் சேகருக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தாள். அவன் ஏன் என்று கேட்காமல் தள்ளி இடம் விட்டான். பெட்டியை மூடும்வரை அங்கேயே இருந்தாள்.

நான் இரண்டாவது வரிசையில் இருந்து அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் அனுப்பினேன். அனுப்பிவிட்டும் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. உம்மில் பொறாமைப்படாமல் இருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அதை விட்டுவிட்டால் உம்மை எப்படி நினைப்பது என்றும் தெரியவில்லை.